முரளி அளந்த முக்கோணம்

மண்ணெண்ணெய் வாடை கலந்த மை மணம் எங்கே அடித்தாலும் எனக்கு முரளியின் முகம்தான் நினைவுக்கு வரும். கூடவே பற்றிக்கொண்டும் வரும். தொண்ணூறுகளில் எங்கள் பள்ளியில் கேள்வித்தாளைச் 'சைக்ளோஸ்டைல்' எந்திரத்தில் உருட்டித்தான் தருவார்கள். மை விரலில் ஒட்டும், கணக்கு வாத்தியார் கையால் வரைந்த படங்கள் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும்.

முரளி என் பெரியப்பா மகன். ஏனாத்தூரில் ஒரே வீடு, காஞ்சிபுரத்தில் ஒரே ஒன்பதாம் வகுப்பு, இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். அவன் மிதிப்பான், நான் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு 'கேரியரில்' உட்கார வேண்டும். கூட்டாளிகள் எதிரே வந்தால் பாதி வழியில் என்னை இறக்கிவிட்டுப் போய்விடுவான். அவன் பையையும் சேர்த்துச் சுமந்து நடந்து, நேரம் கழித்து வந்ததற்கு வகுப்பு வாசலில் முட்டி போட்டது நான்.

பஞ்சாயத்து பெரியப்பாவிடம் போனது. "காலாண்டுல கணக்குல யாரு ஜாஸ்தி வாங்குறீங்களோ, அவங்க கையில சைக்கிளு. இன்னொருத்தரு பின்னாடி குந்துங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

பரீட்சையன்று டப்பாவைத் திறந்தால் பாகைமானியைக் காணோம். பக்கத்து வரிசையில் முரளி கையில் இருந்தது. என் பெயர் செல்வி என்பதால் கவராய முனையால் நான் கீறியிருந்த 'செ' அங்கிருந்தே தெரிந்தது. எழுந்து சொன்னேன். "என்னுது சார்" என்றான் கூசாமல். "பரீட்சை நேரத்துல என்னம்மா தகராறு? உக்காரு" என்றார் வாத்தியார். எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் கேள்வியைப் படித்தேன். ஒரு சமபக்க முக்கோணம். அடிப்பக்கத்தை வெளியே நீட்டி, அங்கே உண்டாகும் கோணத்துக்கு 'எக்ஸ்' என்று போட்டு மதிப்புக் கேட்டிருந்தார்கள். படமோ காற்றில் சாய்ந்த பந்தல் போலிருந்தது. மூன்று பக்கமும் சமம் என்றால் மூன்று கோணமும் சமம், ஒவ்வொன்றும் அறுபது; நேர்கோட்டின் நூற்றெண்பதில் அறுபது போனால் நூற்றிருபது. இதற்குப் பாகைமானி எதற்கு? அப்போதுதான் பார்த்தேன், முரளி அந்தக் கோணல் படத்தின்மேல் அதை வைத்துக் குனிந்திருந்தான்.

உடனே முகத்தை அழுவதுபோல் வைத்துக்கொண்டு, "ஒரே ஒரு வாட்டி குடுடா" என்று கை நீட்டிக் கெஞ்சினேன். "போடி" என்று உதட்டைச் சுழித்துவிட்டு, இன்னும் கவனமாக அளந்து எழுதினான். அதைவிட இனிப்பான 'போடி'யை நான் கேட்டதில்லை.

அந்த ஒரு கணக்கில்தான் என்னிடம் தோற்றான். "படத்த கரெக்டாதான்பா அளந்தேன்" என்று அழுதான். "கணக்கு போடச் சொன்னா அளந்துக்கினு இருந்தியா?" என்ற பெரியப்பாவிடம், எதை வைத்து அளந்தான் என்பதையும் எடுத்துக்கொடுத்தேன். "ஓட்டப்பம் வீட்டைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சாவியை என் கையில் வைத்தார். பாகைமானியைக் கேட்டதற்கு மட்டும், "தொலஞ்சிடுச்சி" என்றான். மறுநாளிலிருந்து பைகளோடு அவன் பின்னால் உட்கார, நான் குண்டும் குழியுமான இடமாகத் தேடித் தேடி ஓட்டினேன். அவன் கூட்டாளிகள் நிற்குமிடத்தில் மணியடித்துக்கொண்டு மெதுவாகப் போனேன். பாவம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பெரியப்பா இன்று இல்லை. சைக்கிள் காயலான் கடைக்குப் போயிற்று, கேள்வித்தாளின் மை வாடை இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. போன மாதம் முரளி வீட்டுக்குப் போனபோது அவன் மகன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். நோட்டின்மேல் மஞ்சளேறிய ஒரு பாகைமானி, மூலையில் 'செ'. எடுத்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"அத்தை, அது எங்க அப்பாவுது!"

"அப்படியாபா? அப்பாவையே கேளு" என்றேன்.

முரளி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.