கேதீஸ்வரியின் இரண்டாவது கமரா

புருஷன் செத்த வீட்டில் அழாத பெண்ணை ஊர் சும்மா விடுமா? தேற்றாத்தீவும் விடவில்லை. "கல்லுப் போல இருக்காள், பாருங்கடி" என்று வாயில் கை வைத்துப் பேசியது. கேதீஸ்வரியின் காதிலும் அது விழுந்தது. விழுந்தும் அவளுக்கு ஒன்றும் செய்யவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினாள். முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு தபாற் கந்தோருக்குப் போய் முத்திரை குத்தத் தொடங்கினாள். வராத அழுகையை எந்தக் கடையில் போய் வாங்குவது?

புருஷன் புவனேந்திரன் வீடு வீடாக மின்சார மீற்றர் பார்க்கிறவர். ஏழு மாதத்துக்கு முன், யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. சம்பளம் மீற்றரில் என்றாலும் மனுஷனுக்கு உயிர் ஊரை ஒட்டிக் கிடக்கிற உப்புநீர் வாவியில்தான். சனி, ஞாயிறு விடிந்தால் போதும், தோணிக்காரர் கந்தப்போடி அண்ணனோடு தோணியில் பறவைகளைப் படமெடுக்கக் கிளம்பிவிடுவார். கூடவே கேதீஸ்வரியும் போவாள். பிள்ளைகுட்டி இல்லாத சோடி, யார் கேட்கப் போகிறார்கள்?

தோணியில் எப்போதும் இரண்டு கமரா இருக்கும். ஓடுகிற தோணியில், உப்புக்காற்றில், லென்ஸைக் கழற்றி மாட்டினால் கமராவின் வயிற்றுக்குள் ஈரம் போய்விடும். ஆகவே தூரத்துப் பறவைக்கு நீண்ட லென்ஸ் மாட்டிய பெரிய கமரா ஒன்று, கிட்ட வந்து இறங்குகிற கூட்டத்துக்குச் சின்ன லென்ஸோடு இன்னொன்று. படமெடுக்க அவளுக்கும் தெரியும். அவரைவிட அவள்தான் நன்றாக எடுப்பாள் என்பது கந்தப்போடி அண்ணனின் கட்சி.

அவர் போன பிறகு ஒரே ஒரு தடவை, போன மாதம், அவள் தோணியில் ஏறினாள். அன்றைக்கே சின்னக் கமரா வாவியில் விழுந்து அடியில் தாண்டுபோனது. "கை வழுக்கிப் போச்சு" என்றாள் அவள். "தோணி ஆடிப் போச்சு" என்றார் கந்தப்போடி. ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒட்டவில்லை. நல்ல காலம், ஒருவரும் தோண்டித் துருவவில்லை.

வருகிற ஜனவரியில் வாவிப் பறவைகளின் கணக்கெடுப்பு. குழுவில் அவள் பெயரும் இருந்தது. இரண்டாவது கமரா இல்லாமல் தோணியில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். இந்த முறை ஏறாவிட்டால் இனி ஒருநாளும் ஏறப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நெஞ்சு அசையவில்லை. வெகுநேரம் மடக்கி வைத்திருந்த கால் மாதிரி மரத்துப்போய்க் கிடந்தது.

அரைநாள் லீவு போட்டுவிட்டு, பெரிய கமராவையும் எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனாள். கமராக் கடை றிஸான் புவனேந்திரனுக்கு நெடுநாள் பழக்கம். மூன்று கமராக்களை எடுத்து வரிசையாக மேசையில் வைத்தான்.

"இது நீங்க வெச்சிருக்கிற அதே சாதி அக்கா. பாவிச்சதுதான், ஆனா பட்டன் எல்லாம் அதே இடத்தில இரிக்கி. கண்ண எடுக்காம விரலே தேடிப் போயிரும்."

"சரி தம்பி."

"இது புதிசு. பறவைட கண்ண அதுவே கண்டுபிடிக்கும். சத்தமே இல்ல, கொக்குக்கே தெரியா."

"சரி."

"இது பாரம் கொறைவு. தோள் நோகாது."

"அதுவும் சரி."

றிஸானுக்குப் பொறுமை போய்விட்டது. "அல்லாஹ்! புட்டுக்கும் சரி, பாணுக்கும் சரி எண்டா நான் என்னத்தக்கா எடுத்துத் தாற?" என்றான். அவள் சிரிக்கவில்லை. மூன்றையும் கையில் எடுத்துப் பார்த்தாள். மூன்றும் ஒரே கனமாகத்தான் தெரிந்தன.

அவன் வேறு வழியில் வந்தான். பெரிய கமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, "இப்ப நீங்க தோணில இரிக்கிறீங்க. பெரிசுக்கு ரெண்டு கையும் வேணும். அப்ப மத்தது எங்க?" என்று கேட்டான்.

"என்ர மடியில."

"மறுகா என்ன செய்வீங்க?"

"அவர் முன்னுக்கு இருந்து கைய நீட்டுவார். கண்ண எடுக்கமாட்டார், கை மட்டும் பின்னுக்கு வரும். நான் பெரிச வாங்கிட்டுச் சின்னதக் குடுப்பன்."

"சரி. இப்ப ஆருட்டக் குடுப்பீங்க?"

வியாபாரக் கேள்விதான், வேறு நினைப்பில்லை. கேட்ட பிறகுதான் றிஸான் நாக்கைக் கடித்துக்கொண்டான். கேதீஸ்வரி மேசையில் கிடந்த கமராவைப் பார்த்தபடியே, கந்தோரில் பார்சலுக்குப் பதில் சொல்கிற குரலில் சொன்னாள்.

"போன மாசம் கூழைக்கடாக் கூட்டம் ஒண்டு தோணிக்குக் கிட்ட வந்து இறங்கிச்சு. நான் மடியில இருந்ததத் தூக்கி முன்னுக்கு நீட்டினன். குடுத்தன் தம்பி. குடுத்திட்டு விட்டுட்டன். அங்க அவர்ர கை இல்ல."

தன் வாயால் சொன்னது தன் காதில் விழுந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கை இல்லை. அந்த மனுஷனே இல்லை. "ஐயோ, என்ர மனிசன் இல்லையே தம்பி!" என்று மேசையில் தலையைப் போட்டுக்கொண்டு கதறினாள். கடைக்கு வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். றிஸான் கதிரையை இழுத்துப் போட்டான், தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், வேறு என்ன செய்வது என்று தெரியாமல், "அழுங்கக்கா, அழுங்க" என்று சொல்லிக்கொண்டே நின்றான்.

நன்றாக அழுது ஓய்ந்த பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மூன்று கமராக்களையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"ஒண்டும் வேணாம் தம்பி. இருக்கிறத வெச்சு ஜனவரிக்குப் போறன்."

"அப்ப கிட்ட வாற பறவைக்கு?"

"கிட்ட வாறத நான் சும்மா பாப்பன்."