பறக்காதீர்கள் என்றேன்

போன மாதம் அலோர் ஸ்டாரில் ஒரு கூட்டத்தில் எழுந்து பேசினேன். நானேதான். நம்ப முடியவில்லையா? என் மனைவியும் நம்பவில்லை.

செமிலிங் ஆற்றோரத்துச் சேற்றில் வளரும் பெரெம்பாங் என்ற அலையாத்தி மரங்களை வெட்டி, இறால் குட்டை தோண்டப் போவதாகப் பேச்சு. ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று அரசாங்க ஆபீஸில் அறிவித்தார்கள். அங்கே மீன் பிடிக்கும் என் மச்சான் சூசை என்னை இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், நீ வாயத் தொறப்பியா? கல்யாண வீட்டுல சாம்பார்கூட கேட்டு வாங்க மாட்டியேலா!"

எனக்கு அங்கே என்ன வேலை? பாடாங் மேஹாவில், என் வீட்டுக்குப் பின்னால் எட்டு டுரியான் மரங்கள். பூக்கும் காலத்தில், பொழுது சாய்ந்ததும் சின்ன வௌவால்கள் தேன் குடிக்க வரும். அவை வந்தால்தான் காய்.

மற்ற மாதங்களில் அவை எதைத் தின்னும்? வெகுநாள் புரியவில்லை. சூசையின் படகில் ஒருநாள் போனபோது பார்த்தேன் — அதே வௌவால்கள், பெரெம்பாங் பூக்களில்! அந்த மரத்தை வெட்டினால், என் மரத்துக்கு யார் வருவார்கள்?

கூட்டத்தில் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். மலாயில் ஒரே வாக்கியம் தயாராக இருந்தது... 'ஜாங்கான் தெபாங்', வெட்டாதீர்கள். வாயில் வந்ததோ —

"புவான், ஜாங்கான் தெர்பாங்!"

அம்மா, பறக்காதீர்கள்!

மண்டபமே சிரித்தது. அதிகாரி அம்மாவும் சிரித்துவிட்டார். "சியாப்பா தெர்பாங், பாக்சிக்?" யார் பறக்கிறார்கள், பெரியவரே என்று கேட்டார்.

உட்கார்ந்துவிடலாமா? எட்டு மரமும் கண்முன் வந்து நின்றன.

"கெலாவார் தெர்பாங், புவான். போக்கோக் ஜாங்கான் தெபாங்!"

வௌவால் பறக்கிறது, மரத்தை வெட்டாதீர்கள். சிரிப்பு நின்றது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்... எப்படிச் சொன்னேனோ!

"உங்கள் டுரியான் கூலிம் மாவட்டம், இது கோல மூடா. வேறு ஃபைல் ஆயிற்றே?" என்றார் அவர்.

"வௌவால் ஒன்றுதான், புவான்."

அவர் எழுந்து, சுவரில் இருந்த வரைபடத்தில் செமிலிங்கில் விரலை வைத்தார். மெதுவாகப் பாடாங் மேஹா வரைக்கும் இழுத்தார். கூலிம் ஃபைலையும் கொண்டுவரச் சொன்னார்.

நேற்று சூசை ஃபோனில் கத்தினார். "மச்சான், மரத்தத் தொட மாட்டாங்களாம்! பக்கத்துல சும்மா கெடக்குற பழைய குட்டையவே சரி பண்ணிக்கணுமாம். இனிமே இங்க வெட்டணும்னா கூலிம் ஆளுங்களையும் கேக்கணுமாம்லா! நீ பேசாம எலெக்‌ஷன்ல நின்னுரு!"

எல்லைக்கல் எதுவும் வௌவாலுக்குத் தெரியாது. இப்போது ஆபீஸுக்கும் கொஞ்சம் தெரியாது!