கோடையில் மட்டும் இருந்த ரோடு

எண்பத்திரண்டு மே மாதம், புளியங்குடியிலிருந்து சங்கரன்கோவிலுக்கு மனை பார்க்கப் போனோம். மனை எனக்கில்லை, அக்காவுக்கு. கல்யாணமான நாளிலிருந்து வாடகை வீடுதான். அத்தான் தன் பங்கு எலுமிச்சைத் தோட்டத்தை விற்றுவிட்டார். அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடத் துடித்தார்கள். நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன் என்பதால் கூப்பிட்டார்கள் என்று நினைத்தேன். பை தூக்க ஆள் வேண்டியிருந்ததோ என்னவோ.

காலை ஏழே கால் பஸ், ஆளுக்கு ஒன்றரை ரூபாய், முக்கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டில் புரோக்கர் வாடகைக் காரோடு நின்றார். விற்கிறவர் கார் வைத்துக் கூட்டிப்போனால் எனக்குச் சந்தேகம் தட்டும். மூன்று கிலோமீட்டர் போனதும் கார் தார் ரோட்டை விட்டு இறங்கிக் கரிசல் காட்டுக்குள் ஓடியது.

புது மனைகளுக்கு இடையே விடவேண்டிய ரோட்டின் அகலம், முக்கு மனையில் வண்டி திரும்ப வெட்டவேண்டிய முனை, பூங்காவுக்கு ஒதுக்கவேண்டிய இடம், எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். டேப்பும் கொண்டுபோனேன். அளந்தால் எதிலும் குறையில்லை. ரோடு முப்பது அடி. பூங்காவில் வேப்பங்கன்றுகூட நட்டிருந்தார்கள். அதுதான் என் சந்தேகத்தைக் கூட்டியது.

"நல்லா அளந்து பாருங்க அண்ணாச்சி. இன்னும் சந்தேகப்படுதியளே!" என்றார் புரோக்கர்.

"ஏலே, பொண்ணு பாக்க வந்த எடத்துல பல்லை எண்ணுத மாதிரி எண்ணாத," என்றாள் அக்கா. அவளுக்கு ஒரு கிழக்குப் பார்த்த மனை பிடித்துப்போயிருந்தது. அத்தான் சட்டைப் பைக்குள் கைவிட்டார்.

"ஒரு நிமிஷம் பொறுங்க அத்தான்," என்று சொல்லிவிட்டு, கார் வந்த தடத்திலேயே தார் ரோட்டை நோக்கி நடந்தேன். இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவே காய்ந்த பருத்திச் செடி நின்றது. ரோட்டில் யார் பருத்தி போடுவார்கள்? சற்றுத் தள்ளி ஒரு அம்மா விறகுக்குப் பருத்திமார் பிடுங்கிக்கொண்டிருந்தார். இது யார் பாதை என்று கேட்டேன்.

"பாதையா? இது எங்க புஞ்சைல்லா! வெள்ளாமை எடுத்துட்டா ஆடு, மாடு, வண்டி எது போனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். மழை விழுந்து விதைச்சாச்சுன்னா முள்ளு வெட்டி அடைச்சிருவோம்."

"ரோட்டுக்குன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களா?"

"எங்க ஊர்ல கோடையில நடக்கதுக்கு யாருய்யா எழுதி வாங்குதா?"

விதியெல்லாம் மனைக்குள்ளே சரியாக இருந்தது. மனைக்குப் போகத்தான் வழியில்லை. திரும்பி வந்து கேட்டதற்கு, "அந்த இடத்தையும் வாங்கிருவோம் அண்ணாச்சி," என்றார் புரோக்கர். அத்தான் கையை வெளியே எடுத்தார், வெறுங்கையாக. திரும்பும் பஸ்ஸில் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

மானாவாரிக் காட்டில் மனை பார்க்கிறவர்கள் கோடையில் ஒரு தடவை, விதைத்த பிறகு ஒரு தடவை போங்கள். கார் வேண்டாம். தார் ரோட்டிலிருந்து நடந்தே போங்கள்.

நாங்களும் ஐப்பசியில் போனோம், அக்கா கேட்டதால். தடம் இருந்த இடத்தில் பருத்தி முளைத்திருந்தது, ஓரமெல்லாம் உடைமுள். முள்ளுக்கு அப்பால் தூரத்தில் ஒரு வீடு பாதிச் சுவரோடு நின்றது. அக்கா ஆசைப்பட்ட அதே மனை. எனக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. அப்போது எங்கள் பின்னால் ஒரு பெண் தண்ணீர்க் குடத்தோடு வந்து, முள்ளில் சேலை மாட்டாமல் தாண்ட வழி தேடினாள்.

"நீங்களும் இங்கன மனை வாங்கியிருக்கியளாக்கா?" என்று ஆசையாகக் கேட்டாள்.

அக்கா அவள் இடுப்புக் குடத்தை வாங்கிப் பிடித்துக்கொண்டு, அவள் தாண்டியதும் முள்ளுக்கு மேலாகத் தூக்கிக் கொடுத்தாள்.