ரெகுலேட்டரைப் போர்த்திய நீலத்துணி

கார்கள் இரண்டிரண்டாக நேர்கோட்டில் பாயும் சலீனாஸ் பந்தயத்தளத்தில் நெரெய்தா கினோனெஸ் தன் காரின் முன்மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது எஞ்சின் அன்று, ஒரு நீலத்துணி. பெட்ரோலின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை அதன் மீட்டரோடு சேர்த்துச் சுற்றி, கேபிள் டை போட்டு இறுக்கியிருப்பாள். முள் எங்கே நிற்கிறது என்பது பிறர் அறியக்கூடாத இரகசியம். அங்கே எல்லா அணியினரும் மறைப்பவர்கள்தாம்; இவள் ஒரு படி மேல். பூட்டு நட்டின்மேல் சிவப்பு நகப்பூச்சால் கோடும் இழுத்துவைப்பாள். எவரேனும் திருகினால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

முன்பு பதினேழு ஆண்டுகள் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரங்களைப் பழுதுபார்த்தவள் அவள். நூலின் இழுப்பைப் போன்றதே பெட்ரோலின் அழுத்தமும் என்பாள்: குறைவது உடனே தெரியாது, தெரியும்போது கெடவேண்டியது கெட்டிருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஓட்டங்களிலும் மூன்றாம் கியரில் அழுத்தக்குறைவு விளக்கு எரிந்தது. ஓட்டிய மகள் யமாரிஸ் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததால் பிஸ்டன்கள் உருகாமல் தப்பின. இரண்டு முறையும் எதிராளி அதைவிட மோசமாகத் தடுமாறியதால் இறுதிச்சுற்று வாய்த்தது. அதற்கு இன்னும் ஒரு மணி நேரம்.

"இன்னொரு வாட்டி எரிஞ்சா காலை எடுக்க மாட்டேம்மா. ஃபைனல்ல எவ எடுப்பா?"

"அப்ப நாலு வருஷ எஞ்சினைச் சாக்குல அள்ளிட்டுத்தான் வீட்டுக்குப் போவணும்."

பம்பு சரி; வடிகட்டி சுத்தம். பட்டறையில் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. இங்கே வந்தால் மட்டும் கோளாறு. ஆகவே இது இங்கே இருக்கும் யாரோ ஒருவனின் கைவேலை. அவள் பார்வை எரிபெர்த்தோவிடம் போய் நின்றது. யமாரிஸின் ஞானஸ்நானத் தந்தை; அந்த உறவால் அவன் இவளைக் கொமாத்ரே என்பான், இவள் அவனைக் கொம்பாத்ரே என்பாள். இறுதிச்சுற்றில் பக்கத்துப் பாதையில் எதிர்த்து ஓடும் காரின் மெக்கானிக்கும் அவனே. இரண்டு ஓட்டங்களுக்கும் முன்பு இந்தக் காரின்மேல் சாய்ந்து நின்றான். சந்தேகத்தில் ஒவ்வொரு முறையும் டையை இன்னும் ஒரு பல் இறுக்கியிருந்தாள்.

இப்போதும் வந்தான், கையில் அல்காபூரியா என்னும் எண்ணெய் வடியும் இறைச்சி வடையோடு.

"என்ன கொமாத்ரே, உன் வண்டிப் பொண்ணுக்கு இன்னும் முக்காடு எடுக்கலையா?"

"எண்ணெய்க் கையை எடு கொம்பாத்ரே. உன் வண்டிக்குப் போ."

"பட்டறையில நல்லா ஓடுது, இங்க வந்தா இருமுது. அதானே?"

"உனக்கு எவன் சொன்னான்?"

"சத்தம் சொல்லுது. பட்டறையில துணியோடவா பாத்த, அவுத்துட்டா?"

"முள்ளைப் பாக்கணும்னா நேரா கேளு. சுத்தி வளைக்காத."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு நகர்ந்தான். அவள் குனிந்து துணியைப் பார்த்தாள். சோதிக்கும்போதெல்லாம் துணியை அவிழ்த்துத்தானே பார்த்திருக்கிறாள்!

மகளைத் திரைபோல் நிறுத்தினாள். டர்போ எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் அளவுக்குப் பெட்ரோல் அழுத்தமும் ஏறவேண்டும். அந்த அளவை ரெகுலேட்டருக்கு உணர்த்துவது விரல் பருமன்கூட இல்லாத ஒரு ரப்பர் குழாய். துணியின் கட்டை அவிழ்க்காமல், மீட்டர் தெரியும் அளவுக்கு மட்டும் ஓரத்தை விலக்கி, பெட்ரோல் பம்பை ஓடவிட்டு, குழாயின் மறுமுனையில் கைப்பம்பால் காற்றடித்தாள். முள் அசையவில்லை. டையை வெட்டினாள். துணிக்கடியில், டை இறுக்கிய இடத்தில், குழாய் நசுங்கி ஒட்டிக்கிடந்தது. நகப்பூச்சுக் கோடு மட்டும் புத்தம்புதிதாய் மின்னியது.

மாற்றுக் குழாய் அவளிடம் இல்லை. எரிபெர்த்தோவின் பெட்டியில் இருந்தது. கேட்பதற்கு முன்பே நீட்டினான். அவள் அதை முகர்ந்தாள், வெயிலில் பிடித்து உள்ளே நோக்கினாள், இருமுறை ஊதினாள்.

"கடிச்சும் பாத்துடு. விஷம் கிஷம் இருக்கப் போகுது."

கடிக்கவில்லை, மாட்டினாள். மீண்டும் காற்றடித்தாள், முள் ஏறியது. அதன்பின் துணியை எடுத்தவள், சற்று நேரம் கையிலேயே வைத்திருந்து, தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். மூடியைச் சாத்தும்வரை முள் வெட்டவெளியில் நின்றது. பக்கத்து அணிகளின் கழுத்துகள் நீண்டன.

இறுதிச்சுற்றில் விளக்கு எரியவில்லை. யமாரிஸ் கடைசிவரை காலை எடுக்கவில்லை. அறிவிப்புப் பலகையில் அவர்கள் ஒரு மூக்களவு பின்தங்கியிருந்தார்கள். நெரெய்தா பலகையைப் பார்க்கவில்லை. முன்மூடியைத் திறந்து நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றிப் பார்த்தாள். நான்கும் பழுப்பு நிறம். எஞ்சின் பிழைத்தது.

"அப்ப முள்ளு எவ்வளவுல வச்சிருந்த?" என்றான் எரிபெர்த்தோ.

ஓர் எண்ணைச் சொன்னாள்.

"பொய்" என்றான்.

"பின்ன?" என்றாள்.