வாங்க வராத விலை அட்டை

அச்சகக்காரி வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பது ஊரறிந்த விஷயம். அன்றைக்கு நீதிமன்ற வராந்தாவில் அவளுடைய அண்ணன் பயந்ததும் அதற்குத்தான்.

"பொய் சொல்லுன்னு சொல்லல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. போன் பண்ணதை மட்டும் இழுக்காதே. இழுத்தா என் கடை உரிமம் போச்சு."

"சரிண்ணே, எத்தனை தடவை சொல்லுவே?"

விஷயம் இதுதான். ஊரில் இருக்கிற நாலு பெயின்ட் கடைகளுக்கும் சுவரில் மாட்டும் விலை அட்டையை அவள்தான் அடிப்பாள். போன வருஷம் ஒரு நாள் முதல் கடையின் அட்டையைக் கணினியில் திறந்து, கடைப் பெயரை மட்டும் மாற்றி மாற்றி மற்ற மூன்றையும் அடித்துவிட்டாள். விலையை மாற்ற மறந்தாள். அந்த முதல் கடைக்காரனோ ஊரிலேயே கொள்ளை விலைக்கு விற்கிறவன். மறுநாள் காலை நாலு கடையிலும் ஒரே விலை! கூடிப் பேசி விலையை ஏற்றிவிட்டார்கள் என்று வீடு கட்டுகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். மூன்றாவது அட்டை அண்ணனுடையது. தவறு நடந்ததே எங்களுக்குத் தெரியாது என்பதுதான் கடைக்காரர்களின் ஒரே வாதம்.

சாட்சிக் கூண்டில் ஏறியதும் அவள் அண்ணனைத் தேடினாள். அவள் முதல் இயந்திரம் வாங்கிய நாளில் அதை மாடிக்குத் தோளில் சுமந்து ஏற்றியவன் இந்த அண்ணன். அவன் முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஆமாங்கய்யா, விலையை மாத்தாம அடிச்சது என் தப்புதான்" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். தன் கட்சிக்காரர் ஜெயித்த மாதிரியே முகம் மலர்ந்த அண்ணனின் வக்கீல் விட்டாரா? மனுஷனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாருங்க ஐயா, எவ்வளவு அலட்சியம்! தப்பா அடிக்கிறது, தள்ளிவிடறது. வாங்கினவங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லணுங்கிற பொறுப்புகூட இல்லாத வேலை. பாவம், கடைக்காரங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத் தொழில். தன் கையால் தப்புப் போனால், மற்றவர் கண்டுபிடிக்கும் முன் தானே கூப்பிட்டுச் சொல்வாள். காசில்லாமல் திருத்தி அடித்து, உறையில் போட்டு, கடைப் பெயர் எழுதி வைப்பாள். அவள் பிழைப்பே அந்த நல்ல பெயரில்தான் ஓடுகிறது. அண்ணனைப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். முடியவில்லை.

"யாருங்க சொல்லலைன்னது? அன்னைக்கு மத்தியானமே மூணு பேருக்கும் போன் பண்ணேன்! திருத்தி அடிச்சு உறையில போட்டு வெச்சேன். இன்னைக்கு வரைக்கும் அலமாரியிலதான் இருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கெட்டது வக்கீலின் வாயால்.

நீதிபதி பேனாவை எடுத்தார். "யாராவது வந்து வாங்கினாங்களா?"

"இல்லைங்கய்யா."

"என்ன சொன்னாங்க?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் கூண்டில் ஏறியாகிவிட்டது, சத்தியமும் செய்தாகிவிட்டது.

"மத்தவங்க மாத்துறாங்களான்னு கேட்டாங்க. மூணு பேருமே. இதுவரைக்கும் இல்லைன்னேன். அப்போ எனக்கும் வேண்டாம்னாங்க."

"உங்க அண்ணனுமா?"

"அவருந்தாங்க."

வராந்தாவில் வக்கீல் அவளை முறைத்துவிட்டுப் போனார். அவள் தூணோரம் நின்று அழுதாள். அண்ணன் பக்கத்தில் வந்து நின்றான். திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள்.

"அந்த உறை நெஜமாவே இருக்கா?"

"இருக்குண்ணே. உன் பேர் எழுதி வெச்சிருக்கேன்."

அவன் படிக்கட்டில் உட்கார்ந்தான்.

"உன் அச்சகம் ரெண்டு தெரு தள்ளித்தானே. நான் அன்னைக்கே வந்து வாங்கியிருக்கலாம்."