எட்டாவது சுவிட்சு

பிள்ளைகளா, நீங்கள் பிறக்கும் முன்னே, எண்பதுகளின் கடைசியில், வாடிப்பட்டி ரோட்டில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். தற்காலிக வேலைதான். தீபாவளிக்குள் நிரந்தரமாக்கி ஆர்டர் தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். நானும் உங்கள் அம்மாவும் அதை நம்பித்தான் இருந்தோம்.

அந்த வருஷம் ஆபீசுக்கு மூன்று கம்ப்யூட்டர்கள் வந்தன. மூன்றையும் கேபிளால் இணைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்கு ஸ்பானரிலிருந்து லாரி வரை துடைத்துப் பொட்டு வைக்கும்போது இவற்றை மட்டும் விட மனசு வருமா? பழைய பல் பிரஷ்ஷால் பின்பக்கத்துச் சந்தெல்லாம் தேய்த்துப் பஞ்சுத் தூசியை எடுத்தேன்.

பூஜை முடிந்து சுவிட்சைப் போட்டால், இரண்டாவதும் மூன்றாவதும் மாறி மாறித் தொடர்பு அறுந்து நின்றன. டைப்பிஸ்ட் அம்மா சிரித்தார்.

"நீங்க குளிப்பாட்டுன குளிப்புல ஜன்னி வந்துருச்சுண்ணே."

மேனேஜர் சென்னை இன்ஜினீயருக்கு டிரங்கால் போட்டார். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் கேபிள் சொருகும் கார்டுக்கு ஒரு நம்பர் உண்டாம், நம் தெருவில் வீட்டுக்கு இருக்கிற மாதிரி. ஒரே நம்பரில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் திணறத்தானே செய்வார்? அந்த நம்பரைப் பார்த்துச் சொல்லும்படி இன்ஜினீயர் கேட்டார். கேபிளுக்குப் பக்கத்தில் அரிசி அளவில் எட்டு சுவிட்சு வரிசையாக இருக்கும், எது மேலே, எது கீழே என்பதுதான் நம்பர். இப்போது கம்பெனியிலேயே கார்டுக்குள் பதித்து அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்குக் கையால் வைக்க வேண்டும்.

மேஜைக்குப் பின்னால் டார்ச்சோடு குப்புறப் படுத்தேன். முதல் கார்டில் எட்டாவது மட்டும் மேலே. இரண்டாவதில் ஏழாவது மட்டும். மூன்றாவதிலும் ஏழாவது மட்டும், இரண்டுக்கும் ஒரே நம்பர். அதன் எட்டாவது சுவிட்சு ஓரத்தில் பிரஷ்ஷின் நீல நார் ஒன்று சிக்கியிருந்தது.

அதைப் பிடுங்கி எறிந்திருந்தால் யாருக்கும் தெரியாது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு போய், பார்த்ததைப் போனில் சொன்னேன். யாராவது தொட்டார்களா என்று இன்ஜினீயர் கேட்டார். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார்.

"நாந்தான் சார். பூசைக்குத் தொடைக்கையில பிரஷ்ஷு பட்டு எறங்கிருக்கு."

இன்ஜினீயர், மூன்றாவது கம்ப்யூட்டரை அணைத்து, எட்டாவதை மேலே தள்ளி, மறுபடி போடச் சொன்னார். குண்டூசியால் தள்ளினேன். போட்டதும் மூன்றும் ஒழுங்காக ஓடின.

மேனேஜர் என் கையிலிருந்த நாரைப் பார்த்தார். நிரந்தர ஆர்டர் போச்சு என்றுதான் நினைத்தேன்.

"அடுத்த வருசம் முன்னாடி பொட்டு மட்டும் வையி. பின்னாடி போகாத" என்றார்.

சமயநல்லூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரும்வரை "அடுத்த வருசம்" என்று அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.