டார்லா பார்க்காத பாட்டு

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பாட்டுக்குழு எத்தனையோ மேடையில் கைதட்டல் வாங்கியிருக்கிறது. அத்தனையையும் டார்லா க்ராமர் பல வருஷமாகக் காதால்தான் கேட்டுவந்தாள். மேடை ஓரத்துக் கறுப்புத் திரைக்குப் பின்னால், வாயில் ஊசியைக் கடித்துக்கொண்டு முட்டி போட்டிருப்பவள் எதைப் பார்ப்பாள்?

அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தில் பனி விழ ஆரம்பித்தால் சனிக்கிழமை எல்லாம் போட்டிதான். இருட்டோடு பஸ் ஏறி இன்னொரு ஊர்ப் பள்ளியில் இறங்குவோம். அவர்கள் ஒதுக்கும் வகுப்பறையில் பிள்ளைகளுக்கு முடி சுருட்டி, பொய் இமை ஒட்டுவோம். பகலில் எல்லாக் குழுவும் வரிசையாக ஆடிப் பாடும். அதில் தேறும் ஆறு குழுவுக்கு மட்டும் ராத்திரி மறுபடி மேடை. தேறாதவர்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

குதித்து ஆடுகிற பாட்டுகளுக்கு நடுவே ஒரே ஒரு மெதுவான பாட்டு உண்டு. அது முடிந்ததும் பெண்கள் திரைக்குப் பின்னால் ஓடிவந்து, நீளக் கவுனைக் கழற்றி எறிந்து, ஜிகினாக் கவுனுக்குள் நுழைந்து, அடுத்த தாளம் விழுவதற்குள் மேடையில் நிற்க வேண்டும். அந்த அவசரம் முழுக்க டார்லாவின் கையில். வாரநாளில் தானியக் கிடங்கில் சோள லாரிகளை எடை போடுகிறவள், சனிக்கிழமையில் கவுன்களுக்குக் கொக்கி மாட்டுவாள். அவளுடைய இரண்டு பையன்கள் குழுவில் இருந்தபோதே ஆரம்பித்த வேலை. அந்த வருஷம் கடைசிப் பெண் மேசி. அவளுக்குப் பள்ளியில் அதுதான் கடைசி வருஷம். அந்த மெதுவான பாட்டை ஆரம்பித்துத் தனியாகப் பாடினவளும் அவள்தான்.

நான் சாப்பாட்டுக்குப் பொறுப்பு. ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஒரு காலையில் டார்லா பக்கத்தில் வந்து நின்றாள்.

"நோரீன், ஒரே ஒரு தடவ நாற்காலில உக்காந்து அவ பாடறதப் பாக்கணும்டி."

"ஏன், உன் வீட்டுக்காரர்தான் போன்ல பிடிச்சு வச்சிருக்காரே?"

"அதுல பாதி அவரு கட்டைவிரல். மீதி முன்னாடி உக்காந்தவன் மொட்டத்தல."

"சரி, இன்னிக்குக் கொக்கி நான் மாட்டறேன். நீ போய் உக்காரு."

"பகல்ல வேண்டாம். நீ சொதப்பினா பிள்ளைங்களுக்கு ராத்திரி மேடை போயிடும். ராத்திரிக்குத் தேறினா பாப்போம்."

அந்தப் பனிக்காலத்தில் போட்டிக்குப் போட்டி நாங்கள் தேறவே இல்லை. ஏழாவது, எட்டாவது என்று முட்டிக்கொண்டு திரும்பினோம். டார்லா பஸ்ஸில் கவுன்களை மடியில் போட்டு உதிர்ந்த ஜிகினாவைத் தைத்துக்கொண்டு வருவாள்.

கடைசிப் போட்டி வந்தது. பகல் ஆட்டம் முடிந்து, நடுவர்களில் ஒரு அம்மாள் பிள்ளைகளிடம் நிறைகுறை சொல்ல எங்கள் வகுப்பறைக்கு வந்தாள். மேசியைப் பார்த்துச் சொன்னாள்:

"குரல் அருமையா இருக்கும்மா. ஆனா ஏன் அந்த ஓரத்தையே பாத்துப் பாடற? ஜனங்க முன்னாடியில்ல இருக்காங்க?"

போகிற ஊரிலெல்லாம் இதையே சொன்னார்கள். நடுவர் வெளியே போனதும் டார்லா பிடித்துக்கொண்டாள்.

"கேட்டியா? வாத்தியார் சொல்லியாச்சு, நான் சொல்லியாச்சு. அந்த ஓரத்துல என்னடி, தங்கமா கொட்டிக் கெடக்கு?"

மேசி கண்ணிமையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் தேறியவர்களின் பெயரை வாசித்தார்கள். கடைசியாக வந்த பெயர் எங்களுடையது. பிள்ளைகள் கூரை பிய்கிற மாதிரி கத்தினார்கள். டார்லா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுந்திரு. லிப்ஸ்டிக்காவது போட்டுக்கிட்டுப் போய் உக்காரு," என்றேன்.

"என்னை யாரு பாக்கப் போறா?" என்றாள். "மேசிகிட்டச் சொல்லாத. பதறிடுவா."

ராத்திரி திரைக்குப் பின்னால் நான் நின்றேன். டார்லா என்றால் கடைசி நொடிவரை குனிந்து ஒவ்வொரு கவுனாகக் கொக்கி திறந்து, கால் வைக்க வாகாகத் தரையில் வட்டமாகப் பரப்பிக்கொண்டிருப்பாள். நான் எனக்கு அவ்வளவு வேகம் வராதென்று முன்கூட்டியே பரப்பிவிட்டேன். அதனால் சும்மா நின்று மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேசி பாட ஆரம்பித்தாள். இரண்டாவது அடியில் முகம் ஓரமாகத் திரும்பியது. பார்வை நேராகத் தரைக்கு வந்தது, டார்லா முட்டி போடுகிற இடத்துக்கு. அங்கே என் செருப்புதான் இருந்தது. மெல்லக் கண்ணை உயர்த்தி என்னைப் பார்த்தாள். பிறகு முன்பக்கம் திரும்பினாள். முடிகிறவரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விளக்கு கண்ணில் அடிக்க, இருட்டில் உட்கார்ந்திருந்த முகங்களில் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டே பாடினாள். கூட்டத்தில் ஒரு இருமல் இல்லை.

ஓடிவந்தவள் கேட்டது, "அம்மா எங்க?"

"முன்னாடி உக்காந்திருக்கா. காலத் தூக்கு!"

அவசரத்தில் அவள் மேல்கொக்கியை விட்டுவிட்டேன்.

ஆறாவதாகத்தான் வந்தோம். டார்லா என்னைத் தேடி வராந்தாவுக்கு வந்தாள். லிப்ஸ்டிக் கலைந்திருந்தது.

"பாத்துட்டேன்டி. என்னையே பாத்துப் பாடின மாதிரி இருந்துச்சு."

எனக்குப் பூசி மெழுகத் தெரியாது. "உன்னத் தேடினா. அந்த ஓரத்துல அவ பாத்ததெல்லாம் உன்னத்தான். நீ குனிஞ்சு கொக்கி திறந்துட்டிருப்ப."

"ஒவ்வொரு தடவையுமா?"

"நடுவருங்க வேற என்னத்தச் சொன்னாங்களாம்?"

டார்லா சுவரில் சாய்ந்தாள். "நான் ஒரு தடவகூட நிமிரலயேடி."

அப்போது மேசி வந்து, வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றாள். "நோரீன் ஆன்ட்டி மேல்கொக்கிய விட்டுட்டாங்கம்மா."

"திரும்பு."

"கொக்கி பின்னாடிம்மா."

"கொக்கி கெடக்கட்டும். திரும்புடி இந்தப் பக்கம்."

மேசி இப்போது வெளியூரில் படிக்கிறாள். குழுவில் இப்போது டார்லா வீட்டுப் பிள்ளை யாருமில்லை. ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் திரைக்குப் பின்னால் வந்து முட்டி போடுகிறாள். மெதுவான பாட்டு தொடங்கினால் மட்டும் கொக்கியை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள்.

யார் வீட்டுப் பெண்ணோ, நல்ல பிள்ளையாக, முன்பக்கம் பார்த்துப் பாடிக்கொண்டிருப்பாள்.